காப்புக் கட்டிய ஊரிலிருந்து கேமரூனுக்கு

சமைக்கப் போகிற ஆள் ஆம்பளையாக இருந்திருந்தால் பாப்பன் கொட்டாய் என்கிற அந்த ஊரில் ஒரு நாய்கூடத் தலைதூக்கிப் பார்த்திருக்காது. ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு வெளிதேசம் போவது அந்தப் பக்கத்தில் புதுசு இல்லை. ராஜஸ்தான், ஒடிசா, அதற்கும் அப்பால் ஆப்பிரிக்கா என்று போய்ப் பூமியில் துளை போட்டுவிட்டு, கறுத்த முகமும் பெரிய சூட்கேசுமாகத் திரும்பி வருகிறவர்கள் வூட்டுக்கு ஒருத்தர் உண்டு. அவர்கள் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ராமக்காள் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் கேமரூன் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதியமான்கோட்டையில் பெங்களூரு ரோட்டோரமாகக் கதிரவனின் ஷெட் இருக்கிறது. மூன்று போர் வண்டிகள் அங்கே நிற்கும். அந்த ஆட்களுக்குச் சமைத்துப் போடுவதுதான் ராமக்காளின் வேலை. அதற்கு முன்னாலும் பின்னாலும் இன்னொரு வேலை இருந்தது. விடிந்ததும் பச்சியப்பன் வூட்டு மாடுகளுக்குத் தண்ணி காட்ட வேண்டும், சாணி வார வேண்டும். சாயங்காலம் ஷெட்டிலிருந்து வந்ததும் அவர் தக்காளித் தோட்டத்தில் குனிய வேண்டும். பச்சியப்பன் அவள் புருசனுக்கு அண்ணன். பெங்களூரில் இரண்டு பேரும் கட்டட வேலை பார்த்தபோது புருசன் மாது சாரத்திலிருந்து விழுந்து செத்தான், அந்த வருசத்திலிருந்து இதுதான் நடப்பு. கூலி என்று ஒரு நாளும் பேச்சு எழுந்ததில்லை. நிலம் இன்னும் பாகம் பிரியாமல் கிடந்தது. கேட்டால், "உன் பங்கும் இதுலதானம்மா இருக்குது" என்பார். அந்தப் பங்கில் விளைந்த ஒரு தக்காளியையும் அவள் சந்தையில் நின்று விற்றதில்லை.

கேமரூனுக்குப் போன வருசம் ஒரு வண்டி போயிருந்தது. வடக்கே கிராமங்களில் குடிதண்ணிக் கிணறு போடுகிற வேலை. கூடப் போன சமையல்காரன் மலேரியாவில் படுத்து, தெளிந்ததும் டிக்கெட் எடுத்து ஓடி வந்துவிட்டான். மிச்ச ஆட்கள் ரொட்டியும் டின் மீனும் தின்று வயிறு கெட்டுப் பாதி உடம்பாக வந்தார்கள். "சாப்பாடு சரியில்லன்னா எந்தப் பயலும் மறுபடி வரமாட்டேங்கறான். நீ வர்றியா ராமக்கா?" என்று கதிரவன் விளையாட்டாகத்தான் கேட்டார்.

"வரன்ங்க" என்றாள்.

அவர்தான் பயந்துபோனார். யோசிச்சுச் சொல்லு என்றார். யோசித்துத்தான் சொன்னேன் என்றாள். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் பூவிழிக்குப் போன் போட்டதும் அவள், "போம்மா, அங்கியாவது ஒரு வேலைய மட்டும் செய்" என்றாள். அந்த ஒரு வார்த்தை ராமக்காளின் நெஞ்சில் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஒரு வேலை. எழுந்து அதைச் செய்து, முடித்துவிட்டுப் படுப்பது. நாற்பத்தைந்து வயதில் அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரிக்க வந்த அன்றுதான் பச்சியப்பனுக்கு விசயம் தெரிந்தது. அவர் சிரித்தார்.

"கேமரூனுக்கா? ஒகேனக்கல்ல பரிசல் ஏறப் பயந்துக்கினு கரையில நின்னவ நீ."

"பரிசல்காரன் குடிச்சிருந்தான் மாமா. பிளேன் ஓட்டறவன் குடிக்கமாட்டானாம்."

போன தடவை போய்வந்த டிரில்லர் மாதேசு ஷெட்டில்தான் இருந்தான். அவளைவிட வயதில் சின்னவன், வாய் பெரியது. காலையில் இட்லித் தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தால் கேமரூன் கதைதான்.

"அக்கா, அங்க கடைக்குப் போனா எடுத்ததும் தக்காளி என்ன வெலைன்னு கேக்காத. மொதல்ல போன்ழூர்னு வணக்கம் சொல்லணும். வூட்டுல எல்லாம் நல்லாருக்காங்களான்னு விசாரிக்கணும். அப்புறந்தான் வெல. நான் மொத நாள் நேரா போயி விரலக் காட்டிக் கேட்டன். அந்தம்மா மூஞ்சத் திருப்பிக்கிச்சு. என்ன மரியாத கெட்ட பயன்னு திட்டுச்சாம், எங்க வண்டி டிரைவரு சொன்னான்."

"நம்ம சந்தையில அப்படி விசாரிச்சுக்கினு நின்னா பின்னாடி இருக்கறவ கூடையால மண்டையில போடுவா."

"அதாங்கறன். அங்க விசாரிக்கலன்னாதான் போடுவாங்க."

பிரெஞ்சுதான் பெரும்பாலும் பேசுவார்கள், மேற்கே கொஞ்சம் ஊர்களில் மட்டும் இங்கிலீசு என்றான். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். வடக்கே துலுக்கர்கள் நிறைய, சேலையைத் தோள் மூடிக் கட்டிக்கொண்டால் தொல்லை இல்லை. பாலத்தையோ போலீசையோ மிலிட்டரி ஆட்களையோ போட்டோ எடுத்தால் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். இருட்டின பிறகு வெளியூர் ரோட்டில் வண்டி ஓடக்கூடாது. குழாய்த் தண்ணியைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது. டவுனில் டாக்சி பிடிப்பதே ஒரு வேடிக்கை. ரோட்டோரம் நின்று போகிற இடத்தையும் கொடுக்கிற காசையும் சத்தம்போட்டுச் சொல்ல வேண்டும். டிரைவருக்குச் சம்மதம் என்றால் ஹாரன் அடிப்பான், இல்லையென்றால் பேசாமல் போய்விடுவான். ராமக்காளுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. மனுசன் வாயைத் திறந்து தான் போகும் இடத்தைச் சொல்ல வேண்டும், பிடித்தவன் ஏற்றிக்கொள்வான்.

"சாப்பாடு?"

"களிதான்க்கா. கம்பு, சோளமாவுல கிண்டிக் கீரக் கொழம்போட. தெக்க போனா மரவள்ளி. எலையவே இடிச்சு வேகவெச்சுத் திங்கறாங்க."

"எலையவா? நம்ம ஆடு தின்னா செத்தில்ல போவுது."

"பொழுதன்னைக்கும் வேகவெக்கறாங்க. வெசம் போயிடுது."

அப்படிப்பட்ட ஊரில் தன் கை பட்ட களி மட்டும் வேகாமலா போய்விடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மாதேசு சொன்னதில் இரண்டு காரியம் அவள் மனதில் அழுத்தமாக நின்றது. ஒன்று, பாஸ்போர்ட் உடம்பைவிட்டு இறங்கக்கூடாது. வழியில் போலீஸ் நிறுத்தினால் நகலைத்தான் நீட்ட வேண்டும். அசல் இடுப்பிலேயே இருக்க வேண்டும். இன்னொன்று மஞ்சள் காய்ச்சல் ஊசி. அந்த ஊசி போட்ட மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் அந்த நாட்டு ஏர்போர்ட்டிலேயே மடக்கிவிடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அட்டை செல்லும். தருமபுரி பெரியாஸ்பத்திரியில் இல்லை, சென்னைக்குத்தான் போக வேண்டும். கதிரவன் எல்லாருக்கும் முன்பதிவு செய்திருந்தார். ஆம்பளைகளுக்கு முதல் வாரமே ஆகிவிட்டது. ராமக்காளின் பாஸ்போர்ட் தாமதமாக வந்ததால் அவளுக்கு ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. அதை விட்டால் அடுத்த தேதிக்குள் பிளேன் போய்விடும்.

அந்த வருசம் மாரியம்மன் பண்டிகையை முன்கூட்டியே சாட்டினார்கள். பங்குனிக் கடைசியில் வர வேண்டியது, பாதியிலேயே வந்துவிட்டது. ஊர்ப் பெரியதனம் பச்சியப்பனிடம் இருந்தது. அவர் சொன்னார், பூசாரி மாரப்பன் தலையாட்டினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மனுக்குக் காப்புக் கட்டி, பிறகு வூட்டுக்கு ஒவ்வொருத்தராக வரிசையில் நின்றார்கள். ராமக்காளும் நின்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நின்ற வரிசைதானே. மஞ்சள் துண்டு கோத்த கயிறு வந்ததும் கை தானாக நீண்டது. முடிச்சு இறுகின பிறகு பச்சியப்பனின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு திருப்தி தெரிந்தது, நல்ல விலைக்கு மாடு பிடித்துவிட்டவன் முகம் மாதிரி.

அப்போதுதான் உறைத்தது. காப்புக் கட்டினவர்கள் பண்டிகை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. சென்னைக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வர ஒரு ராத்திரி வெளியே கழிந்துதான் தீரும்.

தன் கையைத் தானே நீட்டிவிட்டாள். அதை நினைத்துத்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அடுத்தவர் கட்டிப்போட்டால் அவிழ்க்கலாம். பழக்கத்தில் நீண்ட கையை யாரிடம் போய்க் குறை சொல்வது?

புதன்கிழமை காலையில் ராமக்காளின் பெட்டி கலைந்து கிடந்தது. சேலைகள் எல்லாம் வெளியே. பச்சியப்பனின் பெண்சாதி, அவள் ஓரகத்தி பானுமதி, வாசலில் நின்று தரையைப் பார்த்தாள்.

"மாமாதான் தேடுனாரா அக்கா?"

"எலி ஓடுச்சுன்னு பாத்தாரு."

ராமக்காள் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். உள்பாவாடையில் தைத்த பையில் பாஸ்போர்ட் கெட்டியாக இருந்தது. "கேமரூன்ல திருடன் வருவான்னுதான் மாதேசு சொன்னான். வழியிலியே ஒருத்தன் இருக்கறத அவன் சொல்லல" என்று சொல்லிக்கொண்டே சேலைகளை மடித்தாள். பானுமதி சிரிப்பை அடக்க முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

மத்தியானம் கோயில் முன்னால் ஆள் கூடியது. கூட்டியவர் பச்சியப்பன். வேப்பமர நிழலில் பத்திருபது பேர் இருந்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசுவதுதான் அவர் பலம்.

"ராமக்கா, நான் போவாதன்னு சொல்லல. காப்பு அவுந்ததும் போ. அம்மன் காரியத்துல மனுசன் தலையிடக் கூடாதில்லையா."

"காப்பு அவுக்கறப்ப ஊசி தேதி போயிடும் மாமா. அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பண்டிகைய இழுத்து முன்னால வெச்சீங்க."

கூட்டத்தில் சலசலப்பு. யாரோ ஒரு கிழவர், "பொம்பள தனியா அம்மாந்தூரம் போறதும் ஒரு மாதிரிதான்" என்றார்.

"பெங்களூர்ல ஆறு மாடிக்குச் செங்கல் சுமந்தப்பவும் தனியாத்தானுங்க ஏறுனன். அப்ப யாரும் ஒரு மாதிரின்னு சொல்லல. உங்க தக்காளி லோடு ஓட்டற டிரைவரு நேத்து காப்புக் கட்டிக்கினு நேத்தே கிளம்பிட்டான். இந்நேரம் எந்த லாட்ஜுல படுத்துக்கெடக்கறான்னு அம்மனுக்குத் தெரியாதா?"

"அது பொழப்பு" என்றார் பச்சியப்பன்.

"இதுவும் பொழப்புதான்."

பூசாரி மாரப்பன் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். அவருக்கு ஒரு வழி தோன்றியது. "எதுக்குச் சண்ட? பூவாக்குக் கேட்டுடலாம். வெள்ளப் பூ வந்தா போவட்டும். செவப்பு வந்தா இருக்கட்டும். அம்மன் சொன்னா ரெண்டு பேரும் கேட்டுக்கலாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த ஊரில் கல்யாணம், கிணறு, வழக்கு எல்லாம் பூவில்தான் தீரும். பூசாரி பூவரச இலையில் பூக்களை மடிக்கப் போனார். பச்சியப்பன் கண்ணை மூடிக் கும்பிட்டார். மடிக்கிற கை யார் பேச்சைக் கேட்கும் என்று அவருக்கும் தெரியும், ராமக்காளுக்கும் தெரியும்.

"மடிக்காதீங்க" என்றாள்.

பூசாரியின் கை நின்றது.

"நான் பூ கேக்கல."

"ஏன், அம்மன் மேல நம்பிக்க இல்லையா?" பச்சியப்பனுக்கு இதுதான் வேண்டியிருந்தது.

"இருக்குது. இருக்கறதாலதான் கேக்கல. வெள்ள வந்தாலும் போவன், செவப்பு வந்தாலும் போவன். போவறதுன்னு முடிவு பண்ணிட்டுக் கேக்கக் கூடாது. எதுக்கு அம்மனப் பொய்யாக்கணும்?" அவள் மூச்சு வாங்கினாள். "எம் புருசன் செத்தன்னிக்கி யாரும் பூ கேக்கல. மறுவாரம் என்னத் தோட்டத்துல எறக்கறப்ப யாரும் பூ கேக்கல. இன்னிக்கி நான் வெளிய போவறதுக்கு மட்டும் எதுக்குப் பூ?"

சன்னதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். காப்பு கையில் இருக்கிறபடியே பஸ்ஸுக்கு நடந்தாள்.

சென்னையில் ஊசி போடுகிற இடத்தில் பெரிய வரிசை. கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள், கோட்டுப் போட்டவர்கள், ஒரு கன்னியாஸ்திரி. ராத்திரி பஸ் ஸ்டாண்டில் பையைத் தலைக்கு வைத்து உட்கார்ந்தபடி கழித்திருந்தாள், உடம்பெல்லாம் வலித்தது. நர்ஸ் பாஸ்போர்ட்டைப் பார்த்து அட்டையில் எழுதினார். கையைப் பிடித்ததும் கயிற்றைப் பார்த்தார்.

"காப்பா இது? எங்க ஊர்லயும் கட்டுவாங்க. அப்ப ஊர விட்டு வரக் கூடாதேம்மா."

"ஆமாங்க."

"அம்மன் ஒண்ணும் சொல்லாதா?"

"அம்மன் சொன்னா கேட்டுக்குவன்ங்க. எங்க மாமா சொன்னாதான் கேக்கமாட்டன்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே குத்தினார். நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கலாம், பயப்பட வேண்டாம், இந்த மாத்திரையைப் போடுங்கள் என்று ஒரு அட்டை மாத்திரையும் கொடுத்தார்.

சொன்னபடியே காய்ச்சல் வந்தது. ஆனால் வந்த நாள்தான் சரியில்லை. மறுநாள் பொங்கல், தீச்சட்டி. ஊரெல்லாம் பம்பைச் சத்தம். அந்த நேரத்தில் ராமக்காள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? எல்லையைத் தாண்டினாள், ஆத்தா பார்த்துவிட்டாள்.

பானுமதி வேப்பிலை கொண்டுவந்து தலைமாட்டில் செருகினாள். "மனசுல வேண்டிக்க" என்றாள் மெதுவாக. ராமக்காள் வேண்டிக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. உடம்பு தகிக்கும்போது, நர்ஸ் சொன்ன பேச்சு எங்கோ தூரத்தில் கேட்டது. பம்பை பக்கத்தில் கேட்டது. ஒரு வேளை, ஒரு வேளை என்று மனம் அடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து நம்பினது இரண்டு நாளில் எங்கே போகும்?

சாயங்காலம் பச்சியப்பன் பூசாரியோடு வந்தார். பின்னால் ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர்.

"பாத்தியா? நான் எதுவும் சொல்லல, அம்மனே சொல்லிட்டா. எழுந்து வந்து சன்னதியில வுழுந்து மன்னிப்புக் கேளு. தெண்டம் கட்டு. அந்தப் பாஸ்போர்ட்ட அம்மன் கால்ல வெச்சுடு. மூணு நாள்ல எறங்கிடும்."

ராமக்காள் எழுந்து உட்கார்ந்தாள். அறை சுற்றியது. "கால்ல வெச்சா அப்புறம் யாரு எடுப்பாங்க மாமா?"

"அது அம்மன் சொத்து."

"ஊசி போட்டவங்க அன்னிக்கே சொன்னாங்க, காய்ச்சல் வரும்னு. மாத்திரையும் குடுத்தாங்க."

"அம்மன் எறங்கியிருக்கறப்ப மாத்திரயா?" பூசாரி பதறினார். "ஆவாதும்மா, ஆவாது. உடம்பெல்லாம் அம்மை முத்துப் போட்டுடும்."

அவள் தலைமாட்டுப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். பிரித்த வேகத்தில் மாத்திரை ஒன்று பாயில் உருண்டது. இன்னொன்றைப் பிதுக்கினாள். வேப்பிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாரும் பார்க்க மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணியைக் குடித்தாள்.

"ஆத்தா எம்மேல கோவப்பட்டா நான் அவகிட்டப் பேசிக்கறன். அவளுக்கு நான் கூழு ஊத்தாத வருசமில்ல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க எதுக்கு மாமா?"

பச்சியப்பனுக்கு முகம் கறுத்தது. இவ்வளவு நாள் உயராத குரல் அப்போது உயர்ந்தது. "அப்ப மாட்ட யாரு பாக்கறது? தக்காளி பழுத்து வுழுவுது, அத யாரு பறிக்கறது? ஆளு கெடைக்குதா இந்தக் காலத்துல?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. பின்னால் நின்றவர்களில் ஒருவர் இருமினார். பூசாரி கூரையைப் பார்த்தார்.

"அதான் சங்கதி" என்றாள் ராமக்காள். களைப்பில் கண் செருகியது. "இத மொதல்லியே சொல்லியிருந்தா அம்மனத் தெருவுக்கு இழுத்திருக்க வேண்டாம். ஆளு கெடைக்கும் மாமா. கூலி குடுத்தா கெடைக்கும்."

அவர்கள் போனார்கள். அவள் வேர்த்து வேர்த்துத் தூங்கினாள்.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. முத்து எதுவும் போடவில்லை. பானையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பொங்கல் வரிசையில் அவள் எப்போதும் வைக்கிற இடத்தில் யாரோ கல் போட்டு வைத்திருந்தார்கள். வரிசைக் கடைசியில் வெயிலில் அடுப்பு மூட்டினாள். அரிசி போடும் நேரத்தில் பானுமதி தன் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அங்க பொக அடிக்குது" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பச்சியப்பன் பார்த்தார். பானுமதி நிமிரவில்லை, விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

கிளம்புகிற அன்று காலையில் கதிரவனின் வேன் ரோட்டில் வந்து நின்றது. மாதேசு உள்ளேயிருந்து, "அக்கா, ஊறுகா டப்பா ஒழுவுதான்னு பாரு, பிளேன்ல ஒழுவுனா நம்ம மானம் போயிடும்" என்று கத்தினான். ராமக்காள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்திருப்பாள்.

"ராமக்கா."

பின்னாலிருந்து பச்சியப்பன். கிளம்புகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது, எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் விளங்காது என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் அவர் கேட்டார்.

"எங்க போற?"

வாசலில் பானுமதியின் கையிலிருந்த சாணிக் கூடை அப்படியே நின்றது. மாதேசு வேனுக்குள் தலையை இழுத்துக்கொண்டான். கதிரவன், "நில்லும்மா, உள்ள போயி ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு அப்புறமாக் கிளம்பலாம்" என்றார்.

ராமக்காள் பெட்டியைக் கீழே வைத்தாள். திரும்பி நின்றாள். டாக்சிக்காரனுக்குக் கேட்கும்படி சொல்கிறவளைப் போல, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இங்கருந்து பெங்களூரு மாமா. அங்கருந்து பிளேன்ல அடிஸ் அபாபா. அங்க எறங்கி இன்னொரு பிளேன், துவாலா. அப்புறம் வடக்க கரூவா. கேமரூனுக்குப் போறன். சமைக்கப் போறன். வேற யாராச்சும் கேட்டாலும் இதையே சொல்லுங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தண்ணி குடிக்க உள்ளே போகவில்லை.